கோவிந்தம்மா வாசலில் ஓர் அணில்வால் புல்

'புல்தானே' என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் முன்பக்கத் தோட்டத்துக்குப் பதினோரு வருடமாக நான்தான் சூப்பர்வைசர். வியாசர்பாடியிலிருந்து தினமும் வண்டியில் வந்து போகிறேன். புதிதாக வருகிற ஒவ்வொரு மேனேஜரும் முதல் வாரத்திலேயே என்னைக் கூப்பிட்டு, "ரோஜா, குரோட்டன்ஸ் எல்லாம் எதுக்கு ஜெயவேல்? அழகுப் புல்லா வெச்சிடுங்க, அதுக்கு வேலையே இல்ல" என்பார். வேலை இல்லையாம்! நிழலில் வைத்தால் அது கதிர் விடாது. உரம் கூடிப் போனால் கொழுத்து, வகிடு எடுத்த மாதிரி நடுவில் பிளந்து, நாலாபக்கமும் சாயும். தூரில் தண்ணீர் தேங்கினால் அழுகும். மூன்று வருடம் பிரித்து நடாமல் விட்டால் நடுவில் சொட்டை விழுந்து ஓரத்தில் மட்டும் உயிரோடு இருக்கும். இதற்கெல்லாம் மேலே இந்த ஊரின் கடல் உப்பும் அனல் மின் நிலையச் சாம்பலும் வேறு. இத்தனையும் தெரிந்த நான் ஒரு தூர் புல்லைச் சாக விட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கதை கோவிந்தம்மா அக்காவுடையது, பாவத்தில் பாதி என்னுடையது.

முதலில் அவள் புருஷனைச் சொல்ல வேண்டும். ராசையா முகத்துவாரக்குப்பத்துக்காரர். கழிமுகம் மண் மேடிட்டு, இறாலும் குறைந்து, படகை விற்றுவிட்டு ஐம்பத்தெட்டு வயதில் என்னிடம் தோட்ட வேலைக்கு வந்து நின்றார். முதல் வாரமே ஒரு பாத்தி நிறைய நட்டிருந்த புல்லைக் கோரை என்று நினைத்துச் சுத்தமாகப் பிடுங்கிக் குவித்து வைத்துவிட்டார். நான் கத்திய கத்தலில் கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஓடி வந்தான். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "புல்லு மேல புல்லா கீது. எது நல்ல புல்லுன்னு நான் எப்டி நைனா கண்டுக்கறது?" என்றார். நானும் குனிந்து அவரோடு சேர்ந்து திரும்ப நட்டேன்.

மூன்றாவது மாதம் அந்தப் பாத்தி கதிர் விட்டது. முழங்கால் உயரத்துக்கு மெல்லிய தாள்கள், அதற்கு மேலே இளஞ்சிவப்பில் நீள நீளமாகப் புசுபுசுவென்று கதிர்கள். நர்சரியில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. எங்கள் ஆட்கள் அணில்வால் என்பார்கள். லேசாகக் காற்றடித்தாலும் அத்தனை கதிரும் ஒரே பக்கம் சாயும். அன்றைக்குத்தான் ராசையாவுக்கு அந்தப் புல் மேல் மரியாதை வந்தது. காலையில் வந்ததும் பாத்தி முன்னால் போய் நிற்பார். "கொண்டல் திரும்பிகினு கீது ஜெயவேலு, சாயங்காலம் தண்ணி வுடாத, மழ வரும்" என்பார். பெரும்பாலும் வரும். வராத நாளில் நான் கிண்டல் செய்வேன். அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. காற்றின் பேர் சொல்வதுதான் அவருடைய அன்றைய பேச்சில் பாதி.

கோவிந்தம்மா அவருக்கு நேர் எதிர். நெட்டுக்குப்பத்தில் பிறந்தவள், ஐம்பத்து நாலு வயது. முப்பது வருடம் விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, திருவொற்றியூர்த் தெருக்களில் கூடை சுமந்து விற்றவள். அந்தத் தெருக்களில் அவள் குரலுக்குக் கதவு திறக்காத வீடு இல்லை. ஒரு தடவை தொழிற்சாலை கேட்டுக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "எம் புருசன் வெயில்ல நிக்கறாரு, ஒரு டீத்தண்ணி குடுத்தா இன்னா கொறஞ்சி பூடுவியா?" என்று கேட்டாள். ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து பத்து மணிக்கு டீ வந்தது. அவளுக்கு என்னைப் பிடித்துப்போனதும் அதன் பிறகுதான்.

போன வருடம் ஆவணியில் ராசையாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பார்க்கப் போனபோது வாசலைப் பார்த்துப் போட்ட கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கண் தெளிவாக இருந்தது, என்னை அடையாளம் தெரிந்தது, வாயிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. முன்னால் இரண்டு வரிசை வீடு இருப்பதால் அங்கிருந்து கடல் தெரியாது. கோவிந்தம்மா என்னிடம், "நாள் முச்சூடும் செவுத்தயே பாத்துகினு கீறாரு நைனா, எனக்கு வயிறு எரியுது" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து நல்ல தூர் ஒன்றைக் கதிரோடு பெயர்த்து எடுத்துப் போய், அவர் கண்ணுக்கு நேராக வாசல் ஓரத்தில் குழி தோண்டி நட்டேன். வேறு எதை எடுத்துப் போவது? எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் போன் வந்தது. எடுத்ததுமே கோவிந்தம்மாவின் அழுகை. யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

"பேசிட்டாரு ஜெயவேலு! புல்லப் பாத்துகினே கீறாரு, கீறாரு, திடீர்னு வாடைன்னாரு. நான் வாசல்ல போய் நின்னு பாக்கறேன், மெய்யாலுமே வாடக் காத்துதான்!"

அதற்குப் பிறகு தினமும் அதே வழக்கம். காலையில் கதவைத் திறந்து, அவர் தலையைத் தூக்கித் தலையணையில் சாய்த்துவிட்டு, "இன்னாய்யா காத்து?" என்று கேட்பாள். கதிர்கள் சாய்கிற பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் சொல்வார். வடக்கேயிருந்து அடித்தால் வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், மேற்கேயிருந்து கச்சான், இந்த மூன்று சொற்கள்தான் அவருக்குத் திரும்பி வந்தன. பெண்டாட்டி பேர் வரவில்லை, ராயபுரத்தில் கட்டிக் கொடுத்த மகள் பேர் வரவில்லை, பசி, தண்ணீர் எதுவும் வரவில்லை. ஆனால் கோவிந்தம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. கொண்டல் என்று மெதுவாகச் சொன்னால் பசி, இரண்டு தடவை சொன்னால் இடுப்பு வலி, இழுத்துச் சொன்னால் சும்மா பக்கத்தில் உட்காரச் சொல்கிறார் என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

"முப்பத்தாறு வருசம் குடும்பம் பண்ணேன். இந்தாளு என்னாண்ட இத்தினி பேசினதே இல்ல நைனா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆக, வாசலில் அந்தக் கதிர்கள் ஆடுகிற வரைக்கும் அவளுக்குப் புருஷனிடம் பேச்சு உண்டு.

அவரை விட்டுவிட்டு விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போக முடியாது என்பதால், தை மாதத்திலிருந்து வீட்டிலேயே கருவாடு போட ஆரம்பித்தாள். குப்பத்துப் படகுகளில் மிஞ்சுகிற மீனை வாங்கி, கீறி, டிரம்மில் உப்புப் போட்டு வைத்து, மறுநாள் அலசிக் காயவைப்பாள். வீட்டுப் பின்னால் ஒரு முருங்கை மரம் உண்டு. கூடை சுமந்த காலமெல்லாம் அதற்கு மீன் கழுவிய தண்ணீர்தான் ஊற்றினாள். அது ஓலைக் கூரைக்கு மேலே போய்க் காய்த்துத் தள்ளியது. செடி என்றால் மீன் தண்ணீர், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த தோட்டக்கலை. அதே தண்ணீரைப் புல்லுக்கும் ஊற்றினாள். பச்சை மீன் போய்க் கருவாடு வந்ததும் தண்ணீரும் வேறாகிவிட்டது. அது அவளுக்கு உறைக்கவில்லை. முட்டாள் இல்லை அவள். டிரம்மில் ஊறுகிற உப்புத் தண்ணீரைத் தூரக் கொண்டு போய்க் கொட்டினாள். இரண்டாவது அலசல் தண்ணீரை மட்டும் கேனில் பிடித்து வைத்துப் புல்லுக்கு ஊற்றினாள்.

மாசியில் நான் எட்டிப் பார்த்தபோது தூர் இரண்டு மடங்காகக் கொழுத்துப் போயிருந்தது. தாளெல்லாம் கரும்பச்சை. நடுவில் பிளந்து தரையில் சாய்ந்து கிடந்தது. கோவிந்தம்மா பெருமையாக நின்றாள். "ஒரு கயிறு போட்டுக் கட்டி வுடுக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்ன ஊற்றுகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினோரு வருட சூப்பர்வைசர்!

சித்திரையில் பழைய கதிர்கள் உதிர்ந்தன. புதிதாக ஒன்றுகூட வரவில்லை. தாள்களின் நுனி காய்ந்து, வைக்கோல் நிறம் கீழே இறங்க ஆரம்பித்தது. அவள் கூப்பிட்டாள் என்று வேலை முடிந்து அவசரமாகப் போனேன். ஒரு தாளை விரலால் தேய்த்தேன். கட்டை விரலில் சாம்பல் ஒட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கத்தில் எது செத்தாலும் சாம்பல்தான். துணி கறுத்தால் சாம்பல், பிள்ளை இருமினால் சாம்பல். எந்தப் புகைபோக்கிச் சாம்பல் என்றுகூட யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது உண்மை என்பதால் மேற்கொண்டு யோசிக்கிற வழக்கம் எங்களுக்கு விட்டுப்போய்விட்டது.

"சாம்பல்தான்க்கா. ஈரத் துணியால தொடச்சி வுடு. தண்ணிய இன்னும் கூட ஊத்து" என்றேன்.

என் வாயால் சொன்னேன். அவள் அப்படியே செய்தாள். காலையில் ஒரு குண்டானில் தண்ணீர் வைத்துக்கொண்டு வாசலில் குந்தி, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி ஒவ்வொரு தாளாகத் துடைத்தாள். நூற்றுக்கணக்கான தாள்கள். துடைத்து முடித்ததும் கேனை எடுத்து ஊற்றினாள். முன்பு ஒரு கேன், இப்போது இரண்டு.

கதிர் இல்லாமல் போனதும் ராசையாவின் பேச்சு நின்றது. காலையில் அவள் கேட்பாள், அவர் புல்லைப் பார்ப்பார், பேசாமல் இருப்பார். பத்துப் பதினைந்து நாள் அப்படிப் போனது. பிறகு வைகாசியில் ஒரு நாள், அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"வாடை."

ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பிறகு வெளியே வந்து பார்த்தாள். வைகாசி வெயிலில் எங்கிருந்து வாடை வரும்? மேற்கேயிருந்து அனலாகக் கச்சான் அடித்தது. மறுநாளும் வாடை என்றார். அதற்கடுத்த நாளும். கொண்டல் போய்விட்டது, கச்சான் போய்விட்டது, அந்த ஒரு சொல்தான் மிச்சம். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் சொல்லிக் கொடுத்தாளாம்.

"வாடை இல்லய்யா. கச்சான். எங்க, சொல்லு பாப்போம், கச்சான்."

"வாடை."

"அய்யய்ய, இது வைகாசிய்யா. கச்சான்."

அவர் இடது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி ஓங்கி அடிப்பார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வாய் போன மாதிரி மூளையும் போய்விட்டது என்று முடிவு கட்டி, ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மூளையில் இன்னொரு சின்ன அடைப்பு இருக்கலாம், இருக்கட்டும், பார்ப்போம் என்றார்கள். திரும்பி வந்து எனக்குப் போன் செய்தாள்.

"காத்து தெரியாத பூட்டாரு ஜெயவேலு. கதிரு இல்லாங்காட்டி அவருக்கு இன்னா தெரியும்? அது மட்டும் வந்துட்சினா சரியாய்டுவாரு. ஏதாவது பண்ணு நைனா, உன் கால்ல வுழறேன்."

வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி, ஆடி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் போனேன். தொழிற்சாலையில் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒரு மாதமாக லீவே கொடுக்கவில்லை. இது சாக்கு இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நேராகத் தூரிடம்தான் போனேன். ஓரத்தில் பத்துப் பதினைந்து தாள்தான் பச்சை. மீதியெல்லாம் காய்ந்து நின்றது. குனிந்து பார்த்தால் மண்மேல் வெள்ளையாக ஒரு படலம். ஒரு சில்லு பெயர்த்து நாக்கில் வைத்தேன்.

"இன்னாக்கா ஊத்தற இதுக்கு?"

"மீன் தண்ணிதான் நைனா."

"எந்த மீன் தண்ணி?"

"கருவாடு அலசற தண்ணி. மொத தண்ணி இல்ல, ரெண்டாவது. அதுல உப்பே இருக்காது." சொல்லிக்கொண்டே கேனை எடுத்து வந்து எனக்குக் காட்ட மூடியைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து ராசையா சொன்னார்: "வாடை."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிப் போன குரலில், "வாடை இல்லய்யா, கச்சான்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசுகிறோம் என்று யோசிக்கவில்லை. நான் வியாசர்பாடிக்காரன். என் காதுக்கு வாடை என்றால் நாற்றம்தான், அவருடைய காற்றுக் கணக்கெல்லாம் எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வரும். "அவரு காத்தயா சொல்றாரு? நாத்தத்த சொல்றாருக்கா! கேனத் தொறந்தா கருவாட்டு வாட கொடலப் பொரட்டுது. உப்பு ஊத்தி ஊத்தி நீயேதான் அத்தக் கொன்னு வெச்சிகீற" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே விளங்கியது.

கோவிந்தம்மா கேனோடு நின்றாள். மீன் வாசத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் வீட்டில் அதை யாரும் வாடை என்று சொன்னதில்லை. அது வீட்டு வாசம், அவ்வளவுதான். வாடை என்றால் அவளுக்குப் புருஷன் சொல்கிற காற்று. ஆனால் கையில் மூன்றே சொல் மிஞ்சிய மனிதனுக்கு அந்தக் கேனைக் காட்ட வேறெந்தச் சொல் இருக்கிறது? ஒரு வருடம் தோட்டத்தில் வேலை பார்த்தவர். உப்பு புல்லை என்ன செய்யும் என்று அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். படுத்த இடத்திலிருந்து இரண்டு மாதத்துக்கும் மேலாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கொண்டலில் பசியையும் வலியையும் கேட்கத் தெரிந்தவளுக்கு இது மட்டும் கேட்காமல் போயிற்று.

கேனைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இதையாய்யா சொன்ன? இத்தினி நாளா இதத்தான் சொல்லிகினு இருந்தியா?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திருவொற்றியூர்த் தெருவையே எழுப்புகிற குரல்காரி, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். நான் வாசலில் நின்றேன்.

அன்று சாயங்காலமே தூரைத் தோண்டினேன். மண்வெட்டியை வைத்ததும் கையோடு வந்துவிட்டது. நடுவெல்லாம் கறுத்து, அழுகி, பிசுபிசுவென்று இருந்தது. ஓரத்துப் பச்சையைப் பிரித்துத் தொட்டியில் வைத்துப் பார்த்தேன், ஒரு வாரம் தாங்கவில்லை. இரண்டு முழத்துக்குப் பழைய மண்ணை வாரி வெளியே போட்டு, செம்மண்ணும் எருவும் கொண்டுவந்து நிரப்பி, தோட்டத்திலேயே நன்றாக இருந்த தூரைப் பார்த்து எடுத்து வந்து நட்டேன். கோவிந்தம்மா கருவாட்டு டிரம்மைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். தெருக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான், அதையும் என்னிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவாள். ஒரு சொம்பா, ஒன்றரைச் சொம்பா என்று கேட்பாள். எந்தச் செடிக்கும் அப்படிப் பயந்து பயந்து தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

புரட்டாசியில் கதிர் வந்தது. முன்பைவிட நன்றாகவே வந்தது. எண்ணினால் நாற்பதுக்கு மேல் இருக்கும். தினமும் காலையில் கதவைத் திறந்து, தலையைத் தூக்கிச் சாய்த்து வைத்து, "இன்னாய்யா காத்து?" என்று கேட்டாள். அவர் பேசவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, பேசுவதும் பேசாமல் இருப்பதும் நம் கையில் இல்லை என்றார்கள். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை.

"வரலியா, வாணாம்னு கீறாரா? அத்த மட்டும் சொல்லு ஜெயவேலு" என்று என்னைக் கேட்டாள். நான் தோட்டக்காரன். எனக்கு என்ன தெரியும்?

மார்கழி பிறந்த வாரம் ஒரு காலையில் அங்கே போனேன். ராத்திரியெல்லாம் அடித்த வாடை இன்னும் நிற்கவில்லை. கதவு வழியாகச் சில்லென்று உள்ளே வந்தது. வாசலில் நாற்பது கதிரும் தெற்கே பார்த்துப் படுத்துப் படுத்து எழுந்தன. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும், அப்படி ஒரு வாடை. கோவிந்தம்மா வாசலில் புல்லுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"இது வாடைதானேய்யா? இப்ப சொல்லுய்யா. இப்ப சரியாத்தான் சொல்லுவ."

ராசையா தலையைத் திருப்பினார். புல்லைப் பார்க்கவில்லை. வாடை என்ற சொல்லைக் கேட்டு, அவள் கையில் கேன் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.